ரெஜிஸ்ட்ரி குறிப்புகளை முழுமையாக அச்சிட வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் கணினி கேள்வி-பதில் பகுதியை, அது தொடங்கிய நாளிலிருந்து தவறாமல் படித்து வருகிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். ஆங்கிலம் சரளமாக வராத பலர் தங்கள் கணினியைத் தாங்களே சரிசெய்துகொள்ள அந்தப் பகுதி எவ்வளவு துணைநிற்கிறது என்பதை நேரில் கண்டிருக்கிறேன். சென்ற ஞாயிறு வெளியான பதிலொன்றில், வாசகர் கேட்ட சிக்கலுக்கு, கணினியின் அமைப்பு விவரங்களெல்லாம் பதிவாகியிருக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் செய்யும்படி நான்கு வரிகளில் சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்ட மாற்றம் சரியானதே. ஆனால் அதைச் செய்வதற்கு முன் எதைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும், கை தவறினால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதும் அதில் இல்லை. இவை விடுபட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அண்மையில் என் மேசையிலேயே பார்த்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில் தம் கணினிப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டி எடுத்துவந்தார். பழைய திருமண ஆல்பங்களை டிவிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றித் தருவதும் அவருடைய வேலைகளில் ஒன்று. திடீரென்று ஒருநாள் டிவிடி டிரைவ் கணினியில் தெரியாமல் போயிற்று. அதற்கான தீர்வு ஏதோ ஓர் இதழில் வந்திருந்ததைக் கத்தரித்து வைத்திருந்தார்; அதை எடுத்து அதன்படியே செய்தார். கணினியை மறுபடி இயக்கியபோது விசைப்பலகை வேலை செய்யவில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. புதிய விசைப்பலகை வாங்கி மாட்டிப் பார்த்தார், அதிலும் பயனில்லை. மறுநாள் காலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டிய இரண்டு அழைப்பிதழ்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன.

அந்தத் துண்டுத்தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் சொல்லியிருந்த தீர்வில் பிழை இல்லை. டிவிடி தகடுகளில் பதிவு செய்யும் மென்பொருள்கள் சில, டிவிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தம்மை வடிகட்டிகளாக நுழைத்துக்கொள்வதுண்டு. அத்தகைய மென்பொருளை அரைகுறையாக நீக்கினால் வடிகட்டியின் பெயர் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும்; அந்தப் பெயருக்குரிய நிரலைத் தேடிக் கிடைக்காமல் விண்டோஸ் டிரைவையே தொடங்காமல் விட்டுவிடும். அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் நீக்கினால் டிரைவ் திரும்பி வரும். இது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லிவந்த வழி. சிக்கல் என்னவென்றால், அதே பெயருள்ள பதிவுகள் வேறு வகைச் சாதனங்களின் கீழும் இருக்கின்றன. ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும், எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 32 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அந்த எண்கள் ரெஜிஸ்ட்ரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். டிவிடி டிரைவுக்குரியது 4டி36இ965 என்று தொடங்குகிறது. விசைப்பலகைக்குரியது 4டி36இ96பி. மவுஸுக்குரியது 4டி36இ96எஃப். அதன்பின் வரும் 24 இலக்கங்கள் மூன்றுக்கும் ஒன்றேதான்.

அந்த இதழின் பத்தி குறுகலானது. எண் ஒரே வரியில் அடங்காமல் இ96 என்ற இடத்தில் முறிந்து, 5 என்னும் இலக்கம் மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில், ஒரு சிறு கோட்டை ஒட்டிப் போய் விழுந்திருந்தது. அவர் முதல் வரியைத் திரையோடு ஒப்பிட்டிருக்கிறார், பொருந்தியிருக்கிறது. அடுத்த வரியிலுள்ள நீண்ட வாலை ஒப்பிட்டிருக்கிறார். அதுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தியிருக்கிறது. நடுவிலிருந்த ஒற்றை இலக்கம் மட்டும் கண்ணில் படாமல் போயிற்று. விசைப்பலகையின் கீழிருந்த பதிவை நீக்கிவிட்டார். அவ்விடத்தில் அப்பர் ஃபில்டர்ஸ் என்பதற்குள் கேபிடிகிளாஸ் என்ற ஒரே ஒரு சொல் இருக்கும். விசை அழுத்தங்களை விண்டோஸிடம் கொண்டுசேர்க்கும் நிரலின் பெயர் அது. எஞ்சிப்போன குப்பை அன்று. ஒரு குறிப்பிட்ட விசைப்பலகைக்கு என்றில்லாமல் விசைப்பலகை என்ற வகை முழுவதற்கும் உரிய பதிவு அது என்பதால்தான் புதிதாக வாங்கியதும் பயன்படவில்லை.

திரையின் மூலையிலுள்ள அணுகல்வசதிச் சின்னத்தை மவுஸால் சொடுக்கித் திரை விசைப்பலகையை வரவழைத்து, அவர் சொல்லச் சொல்லக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி உள்ளே சென்றேன். நீக்கப்பட்ட பதிவை மீண்டும் உருவாக்கி அந்த ஒரு சொல்லை எழுதிக் கணினியை மறுபடி இயக்கியதும் விசைப்பலகை வேலை செய்தது. பிறகு இ965-க்குச் சென்று அவர் முதலில் செய்ய நினைத்ததைச் செய்தேன். டிவிடி டிரைவும் திரும்பி வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே வன்வட்டுகளுக்குரிய இ967 இருக்கிறது. கை அங்கே விழுந்து அதிலுள்ள வடிகட்டி நீங்கியிருந்தால் விண்டோஸ் தொடங்கியே இராது. அழைப்பிதழ்களும் மறுநாள் போய்ச் சேர்ந்திருக்கமாட்டா.

ரெஜிஸ்ட்ரியைப் பற்றிக் கடைக்கு வருபவர்களிடம் சொல்லும்போது கிராமக் கணக்கை உவமையாகச் சொல்வது என் வழக்கம். எந்தச் சர்வே எண் யாருக்குரியது, அதில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வைத்திருப்பதுபோல, எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கும், எந்தச் சாதனத்தை எந்த நிரல் இயக்கும், யாருடைய திரை எப்படித் தோன்ற வேண்டும் என்பனவெல்லாம் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டிருக்கின்றன. கணக்கில் ஒரு சர்வே எண் மாறிப்போனால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை. ஆனால் அந்த நிலத்தின் பேரில் ஒரு காரியமும் நடக்காது. அவருடைய விசைப்பலகைக்கு நேர்ந்தது அதுதான்.

விண்டோஸின் தொடக்ககாலத்தில் இந்த விவரங்கள் ஐஎன்ஐ என்று முடியும் சிறுசிறு உரைக்கோப்புகளில் சிதறிக் கிடந்தன. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி ஒரு சிறிய அளவில் அறிமுகமாயிற்று. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது பெரும்பாலான அமைப்புகள் அதற்குள் வந்துசேர்ந்தன. இன்று அது பார்வைக்கு ஒரே மரம்போலத் தோன்றினாலும் வட்டில் தனித்தனிக் கோப்புகளாகவே இருக்கிறது. கணினி முழுவதற்கும் உரிய பகுதிகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதி அவரவர் கணக்கின் ஃபோல்டரில் என்டியூசர் என்ற கோப்பில் இருக்கிறது. இதை நான் இங்கே சொல்லக் காரணம், ஆபத்தின் அளவும் இதைப் பொறுத்தே மாறுகிறது என்பதுதான். ஹெச்கீ கரன்ட் யூசர் என்ற கிளைக்குள் செய்யும் தவறு, பெரும்பாலும் அந்த ஒரு பயனரின் கணக்கோடு நின்றுவிடும். நிர்வாகி உரிமையுள்ள இன்னொரு கணக்கு கணினியில் இருந்தால் அதன் வழியே நுழைந்து சரிசெய்துவிடலாம். ஹெச்கீ லோக்கல் மெஷின் என்ற கிளைக்குள் செய்யும் தவறு எல்லாருக்கும் உரியது, சில சமயம் கணினியே எழாமல் போகும் அளவுக்குப் பெரியது. செய்தித்தாளில் ஒரு குறிப்பு வரும்போது, அது இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று ஒரு சொல் சேர்த்தால்கூட வாசகர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

இத்தகைய குறிப்புகளையே வெளியிடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் இருக்கும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீடுகளில் பரவலாக இருக்கும் விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் என்ற வசதி கிடையாது. அலுவலகக் கணினியில் அங்கே ஓர் அமைப்பை இயக்கியோ நிறுத்தியோ முடிக்கும் வேலைக்கு, வீட்டுக் கணினிக்காரர் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் பென்டிரைவ் வழியே வைரஸ் வருவதைத் தடுக்க, யுஎஸ்பிஸ்டோர் என்ற கீயில் (ரெஜிஸ்ட்ரிக்குள் பதிவுகளை அடக்கி வைத்திருக்கும் ஃபோல்டர் போன்றது கீ) ஸ்டார்ட் என்னும் மதிப்பை 3 என்பதிலிருந்து 4 என்று மாற்றி வைப்பது பழைய, பயனுள்ள வழக்கம். மக்கள் இதைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் கற்றுக்கொடுப்பவர் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ரெஜ்எடிட் நிரலைத் திறப்பவர் முதலில் அறிய வேண்டியது, அதில் சேமிக்கவா என்று கேட்கும் வழக்கமே இல்லை என்பதுதான். வேர்டில் ஒரு பத்தியை அழித்துவிட்டால் மீட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. சேமிக்காமல் மூடிவிடவும் செய்யலாம். இங்கே அந்த இரண்டும் கிடையாது. மாற்றிய நொடியிலேயே அது எழுதப்பட்டுவிடுகிறது, ஆனால் அதன் விளைவு பல சமயங்களில் கணினியை மறுபடி இயக்கும்போதுதான் தெரிகிறது. அந்த இடைவெளியில் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி அடுத்தடுத்து நான்கைந்து இடங்களை மாற்றிவிட்டு, பிறகு எது கெடுத்தது என்று தெரியாமல் வருபவர்கள் அநேகர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு மறுதொடக்கம், பிறகுதான் அடுத்தது என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

மாற்றப்போகும் கீயின் மேல் வலப்பக்கம் சொடுக்கி எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கீயும் அதன் உள்ளே இருப்பவையும் .ரெக் என்று முடியும் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அரை நிமிட வேலை. டிடிபி கடைக்காரர் அதைச் செய்திருந்தால், உள்ளே நுழைந்த பிறகு அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கியதோடு வேலை முடிந்திருக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு, பெரும்பாலான குறிப்புகள் அதைச் சொல்வதில்லை. அந்தக் கோப்பு, நீக்கியவற்றையும் மாற்றியவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருமே தவிர, நாம் புதிதாகச் சேர்த்தவற்றை அகற்றாது. ஆகவே ‘புதிதாக ஒரு மதிப்பை உருவாக்குங்கள்’ என்று சொல்லும் குறிப்பு, ‘வேண்டாமென்றால் அதைக் கையால் நீக்குங்கள்’ என்ற வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு காவல் வேண்டுமென்றால், கணினியின் அப்போதைய அமைப்பு நிலையைச் சேமித்து வைக்கும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் எழாமல் போனாலும் மீட்புத் திரையிலிருந்து அதற்குத் திரும்ப முடியும். நம் ஆவணங்களையும் படங்களையும் அது தொடுவதில்லை. ஆனால் பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே இருக்கிறது. ஆகவே ‘ரிஸ்டோர் செய்துகொள்ளலாம்’ என்று எழுதுவதற்கு முன், அது சி டிரைவுக்கு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்ட மடிக்கணினி என்றால், மீட்புத் திரை 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். சிக்கல் வந்த பிறகு அதைத் தேடி அலைவதைவிட, முன்னதாகவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய குறிப்புகளை அப்படியே மறுபதிப்பு செய்வதில் உள்ள அபாயத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போனால் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் உள்ள ரெக்பேக் என்னும் இடத்திலிருந்து நகல்களை எடுத்து மேலே போட்டுவிடலாம் என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. ஒரு காலத்தில் அது உண்மை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், அந்த இடத்தில் தானாக நகல் எடுக்கும் வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அங்கே கோப்புகளின் பெயர்கள் தென்படலாம். அளவைப் பார்த்தால் பூஜ்யம். அது தெரியாமல் அந்த வெற்றுக் கோப்புகளை எடுத்து நல்லவற்றின்மேல் எழுதினால், மீட்க இருந்த கடைசி வாய்ப்பும் போய்விடும். எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பு இல்லாத ரெஜிஸ்ட்ரி அறிவுரையை நான் என் கடையில் பின்பற்றுவதே இல்லை.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. டிவேர்டு என்ற எண் வகை மதிப்பை மாற்றத் திறக்கும் சிறு கட்டத்தில், நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமான முறைக்குப் பதில் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறை முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். அதைக் கவனிக்காமல் 100 என்று எழுதினால் 256 என்று பதிவாகும். 0, 1 என்ற அளவில் நிற்கும் மதிப்புகளுக்கு இது ஒரு பொருட்டில்லை. நேரத்தையோ அளவையோ குறிக்கும் பெரிய எண் என்றால், எந்த முறையில் எழுத வேண்டும் என்று அச்சில் சொல்லியாக வேண்டும்.

அஞ்சாமல் பழக விரும்புகிறவர்களுக்கு, எதையும் மாற்றாமல் வெறுமனே பார்ப்பதிலிருந்து தொடங்கும்படி தங்கள் பகுதியில் சொல்லலாம். ஹெச்கீ கரன்ட் யூசருக்குள் கீபோர்டு லேஅவுட் என்றும், அதற்குள் பிரீலோடு என்றும் ஒரு கீ இருக்கிறது. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பவர்களின் கணினியில் பெரும்பாலும் அங்கே 449 என்று முடியும் ஓர் எண்ணைக் காணலாம். தமிழுக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் மொழி எண் அது. தாம் நாள்தோறும் தட்டும் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு பதிவு இருப்பதைக் கண்டதும் மாணவர்களின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால், அதே கிளையில் கன்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்ற இடத்தில் மெனுஷோடிலே என்றொரு மதிப்பு உண்டு. மெனு விரிவதற்கு எத்தனை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது அது. வழக்கமாக 400 என்று இருக்கும். அதை 100 ஆக்கி, வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்துவிட்டுப் பழையபடி 400 ஆக்குவது நல்ல முதற்பாடம். தவறினாலும் பெரிய கேடு விளையாத இடம்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போன்றவை இல்லாத கணினிகள் வைத்திருப்பவர்கள், அந்தச் சோதனையைத் தாண்டச் செய்யும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளைத் தேடுகிறார்கள். அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கூறவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பதிவுகள் .ரெக் கோப்புகளாக வாட்ஸ்அப்பில் கைமாறி வருவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இருமுறை சொடுக்கி ‘ஆம்’ என்று ஒப்புக்கொண்டால் உள்ளே எழுதியிருக்கும் அத்தனையும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய்விடும். அது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சதுர அடைப்புக்குறியைத் திறந்தவுடன் ஒரு கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீ முழுவதையும் அதன் கிளைகளோடு அழித்துவிடு என்பது அதன் பொருள். இந்த ஒரு குறியைத் தங்கள் வாசகர்களுக்கு அடையாளம் காட்டினாலே பல கணினிகள் தப்பும்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தப்படுத்திக் கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பயனற்றுக் கிடக்கும் சில பதிவுகளால் வேகம் குறைவதை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. அவற்றை நீக்கப்போய்த் தேவையானவற்றையும் நீக்கிவிட்ட கணினிகளைக் கண்டிருக்கிறேன். அவற்றைப் பரிந்துரைக்காமல் இருப்பதே போதும்.

இனித் தங்களிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்வது இதுதான். வாசகர் தட்டச்சு செய்யவோ திரையோடு ஒப்பிடவோ வேண்டிய பாதைகளையும் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே அச்சிடுங்கள். இக்கடிதத்தில் நான் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பவை படித்துப் புரிந்துகொள்வதற்கானவை. பெயர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு காட்டாது. ரெஜிஸ்ட்ரிக்கு அந்த ஓர் இடைவெளியும் வேறு பெயர்தான். நீண்ட பாதையைக் குறுகிய பத்திக்குள் முறித்துப் போடாமல், பக்கத்தின் அகலத்துக்கு ஒரு கட்டம் அமைத்து ஒரே வரியில் கொடுங்கள். முறித்தே தீர வேண்டுமென்றால் சாய்கோடு வரும் இடத்தில் முறியுங்கள், அடையாள எண்ணின் நடுவில் வேண்டாம், இணைப்புக் கோடும் சேர்க்க வேண்டாம். மாற்றுவதற்கு முன் இருந்த மதிப்பு என்ன, எந்த விண்டோஸ் பதிப்பில் சரிபார்க்கப்பட்டது, திரும்பப் பெறுவது எப்படி என்பவற்றுக்கு மூன்று வரிகள் ஒதுக்குங்கள். எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லும் வரி, ஒவ்வொரு முறையும், குறிப்பின் முதல் வரியாகவே வரட்டும். ‘முன்பே சொல்லியிருக்கிறோம்’ என்று விட்டுவிட வேண்டாம். கத்தரித்து வைத்துக்கொள்பவரின் கையில் அந்த ஒரு துண்டுத்தாள் மட்டுமே இருக்கும்.

சென்ற ஞாயிறு வந்த பதிலை இந்த முறையில் திருத்தி அடுத்த இணைப்பில் மீண்டும் ஒருமுறை வெளியிட்டால், அதை எடுத்து வைத்துக்கொண்டு செய்துபார்க்க நேரம் பார்த்திருப்பவர்களுக்கு அது உரிய காலத்தில் போய்ச் சேரும். சரிபார்த்துத் தர வேண்டுமென்றால் என் கடையிலுள்ள இரண்டு கணினிகளில், விண்டோஸ் 10-இலும் 11-இலும், செய்துபார்த்து எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினி பழுதுபார்ப்பவர், கும்பகோணம்.